பதினான்கு நாள் கெடு: மரக்காணம் உப்பளக் கரையில் காலில் உறையும் ரத்தம்

காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டிதட்டி அடைத்துவிட்டது என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்பதுதான். எடுக்கலாம். அந்த அறுவைக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு எடுக்கத் தேவையில்லை. வெகுசிலருக்கு எடுத்தே ஆகவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில், எடுத்தால் மீதி வாழ்நாளே வேறாகிவிடக்கூடிய ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, அது உண்டாகி எத்தனை நாளாயிற்று, அந்தக் கால்களைக் கொண்டு அவர் என்ன வேலை செய்து பிழைக்கிறார். முதல் கேள்வியை எல்லாப் பாடநூல்களும் கேட்கின்றன. இரண்டாவதற்கான விடை, நோயாளிக்கும் ஸ்கேன் கருவிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு. மரக்காணம் உப்பளக் கரையை வைத்து இதை யோசிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், பின்னிரண்டு கேள்விகளும் இங்கே முதல் கேள்விக்குச் சமமாக எழுந்து நிற்பதுதான்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருக்கிறது மரக்காணம். கழுவெளி ஏரியின் உவர்நீர் கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைத் திருத்தி, களிமண் தரையைக் காலாலேயே மிதித்து இறுக்குவதில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை ஓயாது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க விடியலுக்கு முன்பே இறங்கிவிடுவார்கள். கணுக்கால் அளவு உப்புநீரில் நின்று பலகையால் உப்பை வாரிக் கரை சேர்ப்பதும், சேர்ந்த உப்பைக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவதும் மணிக்கணக்கில் நடக்கும். ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் வேலை செய்தார்கள். ஏறத்தாழ ஏழு விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. போதிய குடிநீரும் ஓய்வும் கழிப்பறையும் இல்லாததையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள் என்பதை விளக்க ஆய்வு தேவையில்லை.

இதைச் சொன்னதும், உப்பள வேலைதான் காலில் ரத்தத்தை உறையவைக்கிறது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அப்படிச் சொல்லச் சான்று போதாது. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 1856-ல் வகுத்த அடிப்படை இன்றும் நிற்கிறது: ரத்த ஓட்டம் தேங்குவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் இயல்பு கூடுவது ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ நேரும்போது சிரையில் கட்டி உண்டாகிறது. நெடுநேரம் நிற்பதற்கும் வெரிகோஸ் எனப்படும் நரம்புச் சுருட்டலுக்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் தெரிகிறது. வெரிகோஸ் உள்ளவர்களுக்கு ஆழ்சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல் என்று 2018-ல் தைவானிலிருந்து வந்த பெரிய ஆய்வு காட்டியது. உடல் நீர் வற்றுவதும் ஒரு காரணமாகலாம் என்பதற்கு இருக்கும் சான்று மெலிதானது. என் வாதம் அந்த மெலிந்த சான்றின்மேல் நிற்கவில்லை. புற்றுநோய், எலும்பு முறிவு, பெரிய அறுவை, பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பது என மற்ற ஊர்களில் உள்ள எல்லாக் காரணங்களும் மரக்காணத்திலும் உண்டு. ரத்தம் உறைந்தபிறகு வருகிற விளைவுதான் இந்தக் கரையில் வேறுமாதிரியானது.

அந்த விளைவு இரண்டு வகை. கட்டியின் துண்டு பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். எல்லோரும் அஞ்சுவது இதைத்தான், அஞ்சவும் வேண்டும். மற்றது மெதுவாக வரும். கட்டி கரைந்தபின்னும் சிரையின் உள்ளே இருக்கும் வால்வுகள் சிதைந்தோ, குழாய் நிரந்தரமாகக் குறுகியோ போய்விடுவதால், காலின் ரத்தம் மேலே ஏற முடியாமல் தேங்குகிறது. மாலையானால் கால் கனக்கும், வீங்கும். ஆண்டுகள் போகப்போகக் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்துத் தடித்து, கடைசியில் ஆறாத புண்ணாகும். ஆழ்சிரை உறைவு வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் இந்தப் பின்விளைவு நோய் வருகிறது. மேசைமுன் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு மருத்துவர் சொல்லும் அறிவுரை, காலை உயர்த்தி வையுங்கள், இறுக்கமான காலுறை போடுங்கள் என்பது. பாத்தியில் நிற்பவர் காலை எங்கே உயர்த்துவது? காலுறையை உப்புநீரில் எப்படிப் போடுவது? திறந்த புண்ணோடு உப்புநீரில் இறங்குவது எரிச்சல் என்ற சொல்லுக்குள் அடங்காத வேதனை. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது தொந்தரவு தரும் நோய். உப்பளத்தில் இதன் பொருள் வேலை போவது. மருத்துவ ஆய்வுகளின் எண்களை இந்த இடத்தில் நின்றுதான் படிக்க வேண்டும்.

சிகிச்சையின் அடித்தளம் மருந்துதான், அதில் விவாதத்துக்கு இடமே இல்லை. 1960-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் நுரையீரல் அடைப்பு வந்த 35 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தார்கள். மருந்து பெறாத 19 பேரில் ஐவர் அந்த அடைப்பாலேயே இறந்தார்கள், இன்னும் ஐவருக்கு அது திரும்ப வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அடைப்பால் இறக்கவில்லை. இவ்வளவு சிறிய ஆய்வு இவ்வளவு தெளிவான விடை தந்தது மருத்துவத்தில் அபூர்வம். ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின் மாத்திரை என்றிருந்த நிலை மாறி, ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. வார்ஃபரினுக்கு ரத்தம் எந்த அளவில் இளகியிருக்கிறது என்று அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையும் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம். புதிய மாத்திரைகளுக்கு அது தேவையில்லை என்பது இந்தக் கரைக்குப் பெரிய வரம். ஆனால் இந்த மாத்திரைகளும் ஹெப்பாரின் வகை ஊசிகளில் சிலவும் ஓரளவுக்கோ பெரும்பகுதியோ சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. வெப்பத்தால் சிறுநீரகம் தளர்ந்த தொழிலாளிக்கு கிரியேட்டினின் பார்க்காமல் எழுதிக்கொடுத்தால், உறைவைத் தடுக்கப் போய் ரத்தக்கசிவில் முடியலாம். உப்பளத்திலிருந்து வருகிறவருக்கு அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இந்த மருந்துகள் ஏற்கெனவே உறைந்த கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் தடுத்து, உடல் தானாகக் கரைத்துக்கொள்ள அவகாசம் வாங்கித்தருகின்றன. தொடை, இடுப்புப் பகுதியின் பெரிய சிரைகளில் முழுக்க அடைத்த கட்டியை உடல் பல நேரங்களில் சரியாகக் கரைத்து முடிப்பதில்லை. அங்கேதான் அறுவை மருத்துவர்களின் வாதம் தொடங்கியது. 1937-ல் ஆர்தர் லேவென் என்ற ஜெர்மானிய மருத்துவர் சிரையைத் திறந்து கட்டியை எடுத்ததைப் பதிவு செய்தார். 1963-ல் தாமஸ் ஃபோகார்ட்டியின் பலூன் கதீட்டர் வந்தபிறகு அது பலராலும் செய்யக்கூடியதாயிற்று. மயக்க மருந்து கொடுத்து, கவட்டியில் கீறி, தொடைச் சிரையைத் திறப்பார்கள். மெல்லிய குழாயைக் கட்டிக்கு அப்பால் இடுப்புச் சிரைவரை செலுத்தி, நுனியிலுள்ள பலூனை ஊதி, கட்டியோடு சேர்த்து இழுப்பார்கள். வால்வுகள் கீழ்நோக்கிப் பலூனை விடாது என்பதால், காலின் கீழ்ப்பகுதிக் கட்டியை ரப்பர் பட்டையைப் பாதத்திலிருந்து மேலே இறுக்கிச் சுற்றிப் பிதுக்கி வெளியேற்றுவார்கள். இழுக்கும் நேரத்தில் துண்டு நுரையீரலுக்கு ஓடிவிடாமலிருக்க, மயக்கவியல் மருத்துவர் மார்புக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டிப் பிடித்திருப்பார். கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் 1968-ல் லான்சிங், டேவிஸ் வெளியிட்ட ஐந்தாண்டுப் பின்தொடர்வில், கட்டியை எடுத்த கால்கள் பெரும்பாலும் மீண்டும் வீங்கியிருந்தன, வால்வுகள் கெட்டிருந்தன. அறுவைமீது இருந்த நம்பிக்கை அதோடு சரிந்தது.

அதைக் கொஞ்சம் மீட்டுக்கொடுத்தவர்கள் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள். அறுவைக்குப் பின் சிரையில் ரத்தம் வேகமாக ஓடினால் மறுபடி உறையாது என்று, தமனிக்கும் சிரைக்கும் இடையே தற்காலிக இணைப்பு ஒன்றைப் போட்டார்கள். 1984-ல் வெளியான அவர்களது ஆய்வில், ஆறு மாதம் கழித்து எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் அறுவைப் பிரிவில் 42 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 7 விழுக்காடு. ஆனால் ஆய்வில் இருந்தவர்களே அறுபதுக்கும் குறைவு. அந்த எண்ணிக்கையை வைத்து உலகத்துக்கே பொதுவிதி எழுத முடியாது. இன்று இந்தத் திறந்த அறுவைக்கு உறுதியான இடம் ஒன்று உண்டு. சிரை முழுக்க அடைத்து, கால் நீலம் பாரித்து, விறைத்து, தமனி ரத்தம்கூட இறங்க முடியாமல் கால் அழுகும் நிலைக்குப் போகும்போது மணிக்கணக்கில் முடிவெடுத்தாக வேண்டும். கட்டியையே கரைக்கும் வேறு வகை மருந்து கொடுக்க முடியாதவருக்கு, உதாரணமாக அண்மையில் மூளையில் ரத்தக்கசிவு வந்தவருக்கு, கத்தியே வழி. மற்றவர்களுக்குக் கதீட்டர் வந்துவிட்டது.

கதீட்டர் முறையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குப் பின்புறச் சிரையை ஸ்கேனில் பார்த்துக் குத்தி, பக்கவாட்டில் துளைகள் உள்ள குழாயைக் கட்டிக்குள்ளேயே பதிப்பார்கள். கரைக்கும் மருந்து சொட்டுச் சொட்டாக ஒரு நாளோ அதற்கு மேலோ கட்டிக்குள் இறங்கும். சில கருவிகள் கட்டியைச் சிதைத்து உறிஞ்சும். இன்னும் புதியவை, மருந்தே இல்லாமல் வலைபோட்டு வழித்தெடுக்கும். கடைசி வகைக்கு நல்ல விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத பதிவேடுகளைக் கொண்டு அவை மருந்தைவிட மேல் என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வுகள் கரைக்கும் முறைக்குத்தான் உண்டு. நார்வேயின் கேவென்ட் ஆய்வு 2012-ல் வந்தது. இரண்டாண்டு முடிவில் பின்விளைவு நோய் கதீட்டர் பிரிவில் 41 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 56 விழுக்காடு. ஐந்தாண்டில் அது 43-க்கு 71 என்று விரிந்தது. அடுத்து, 2017-ல் அமெரிக்காவின் அட்ராக்ட் ஆய்வு, 692 நோயாளிகளுடன், எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது: 47 விழுக்காடு, 48 விழுக்காடு. வேறுபாடே இல்லை. முதல் பத்து நாட்களில் பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.3-லிருந்து 1.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 2020-ல் நெதர்லாந்தின் காவா ஆய்வும் உறுதியான பயன் எதையும் காட்டவில்லை.

இங்கே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கட்டியை எடுப்பதால் பயனில்லை, மருந்தோடு நிறுத்துங்கள் என்று தீர்ப்பாகிவிடுகிறது. அவசரமான தீர்ப்பு அது. அட்ராக்ட் ஆய்வு பின்விளைவு நோய் உண்டா இல்லையா என்று எண்ணியது. மாலையில் லேசாகக் கனக்கும் காலும், புண் வைத்த காலும் அந்தக் கணக்கில் ஒன்றே. எவ்வளவு கடுமை என்று பிரித்துப் பார்த்தால், நடுத்தரம் முதல் கடுமை வரையிலான நோய் கதீட்டர் பிரிவில் 18 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 24. கட்டி தொடைக்கு மேலே இடுப்புச் சிரைவரை ஏறியிருந்த 391 பேரை மட்டும் எடுத்தால் 18-க்கு 28. மிகக் கடுமையான நோய் 8.7-க்கு 15. மாறாக, கட்டி முழங்கால், தொடை அளவில் நின்றவர்களுக்குக் கதீட்டரால் பயன் இல்லை, கசிவு மட்டுமே மிச்சம். காலைத் தொங்கவிட்டு, தண்ணீரில் நின்று, ஆண்டில் எட்டொன்பது மாதம் உழைக்கிறவருக்கு லேசான நோயைத் தாங்கிக்கொள்ள முடியும். கடுமையான நோய்தான் அவரை உப்பளத்திலிருந்து வெளியேற்றும். ஆகவே அவருக்குப் பொருந்தும் எண் 47-48 அல்ல, 18-28தான் என்பது என் வாதம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முழு ஆய்வு தோற்றபிறகு உட்பிரிவில் வெற்றியைத் தேடுவது ஆபத்தான பழக்கம். எதையாவது பிரித்துக்கொண்டே போனால் எங்கேயாவது ஒரு வேறுபாடு கிடைத்துவிடும். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் இந்த உட்பிரிவு பின்னால் தேடிப் பிடித்ததன்று. இடுப்புச் சிரை அடைப்புதான் அதிகம் கெடுக்கும் என்பது ஸ்வீடன் ஆய்வுக் காலத்திலிருந்தே தெரிந்தது, அட்ராக்ட் ஆய்விலும் நோயாளிகளைச் சேர்க்கும்போதே கட்டியின் இடத்தை வைத்துப் பிரித்துத்தான் சேர்த்தார்கள். உடலியங்கியலும் அதையே சொல்கிறது: தொடைச் சிரை அடைத்தால் ரத்தம் சுற்றுவழிகளில் போய்விடும், இடுப்பில் அடைத்தால் முழுக்காலுக்கும் வாசல் ஒன்றுதான். வழிகாட்டு நெறிகளே இதில் ஒன்றுபடவில்லை என்பதையும் வாசகர் அறிய வேண்டும். அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2021-லும் மருந்தோடு நிறுத்துவதையே பெரும்பாலோருக்குப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ரத்தக்குழாய் அறுவைச் சங்கம், இடுப்புச் சிரை அடைப்பும் கடும் தொந்தரவும் உள்ள தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் கட்டியை விரைந்து எடுப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. இரண்டில் எது சரி என்பதைவிட, தேர்ந்தெடுக்கும்போது தொழிலையும் ஒரு தகுதியாக எழுத வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. வயது, ரத்தக்கசிவு அபாயம், கட்டியின் இடம் என்று படிவத்தில் நிரப்பும் மருத்துவர், நின்று செய்யும் வேலையா என்ற ஒரு வரியையும் சேர்க்கட்டும்.

கட்டியை எடுத்தபின் சில கால்களில், குறிப்பாக இடது காலில், ஏன் உறைந்தது என்பதற்கான காரணம் தெரியவரும். வலதுபக்கத் தமனி இடது இடுப்புச் சிரையின் குறுக்கே போய் அதை முதுகெலும்போடு அழுத்திக்கொண்டிருக்கும். 1957-ல் மே, தர்னர் என்ற இருவர் விவரித்த அமைப்பு இது. அப்படி இருந்தால் ஸ்டென்ட் வைத்து விரிக்காவிட்டால் மறுபடி அடைக்கும். வெறும் மருந்தோடு நின்றிருந்தால் இந்த அழுத்தத்தைத் தேடிப் பார்க்கும் சந்தர்ப்பமே பெரும்பாலும் வாய்த்திருக்காது.

நோயாளிகளின் குடும்பங்கள் விரும்பிக் கேட்கும் இன்னொரு சிகிச்சை, வயிற்றின் பெருஞ்சிரையில் குடைக்கம்பி போன்ற வடிகட்டி வைப்பது. கட்டி பிய்த்துக்கொண்டு போனாலும் வழியிலேயே பிடித்துவிடும் என்பது கேட்டவுடன் ஆறுதல் தரும். ஆனால் பிரெஞ்சு ஆய்வு ஒன்று 1998-ல் 400 நோயாளிகளிடம் கண்டது வேறு. முதல் பன்னிரண்டு நாளில் நுரையீரல் அடைப்பு 4.8-லிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்தது உண்மை. இரண்டாண்டில் காலில் மறுபடி ரத்தம் உறைந்தவர்கள் 11.6 விழுக்காட்டிலிருந்து 20.8 ஆகிவிட்டார்கள், உயிரிழப்பில் வேறுபாடு இல்லை. திரும்ப எடுக்கக்கூடிய வடிகட்டியை வைத்து 2015-ல் செய்த அடுத்த ஆய்வும், மருந்து எடுத்துக்கொள்ள முடிகிறவருக்கு வடிகட்டியால் பயனில்லை என்றே முடிந்தது. மருந்தே கொடுக்க முடியாதவருக்குத்தான் அது. வைத்தால் எடுக்கும் தேதியையும் அன்றே குறிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போய்விட்டவர் அதை எடுக்கத் திரும்பி வரமாட்டார் என்ற நிலை இருக்கும் ஊரில், வடிகட்டி வைக்க இன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனி நாட்கணக்குக்கு வருவோம். அட்ராக்ட் ஆய்வில் அறிகுறி தொடங்கிப் பதினான்கு நாளுக்குள் வந்தவர்களையே சேர்த்தார்கள், நார்வேயில் இருபத்தொரு நாள். காரணம் இருக்கிறது. பாத்தியில் புதிதாகப் பூத்த உப்பைப் பலகையால் வாரிவிடலாம், இறுகிப்போன உப்பைப் பெயர்த்தால் பாத்தியின் தரையும் சேர்ந்து வரும். கட்டியும் நாளாக நாளாக நார்ப்பிடித்துச் சிரைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. கரைக்கும் மருந்துக்கும் கரையாது, இழுத்தாலும் சுவரைக் கிழிக்கும். மூன்று வாரம் கடந்து வருகிற நோயாளிக்கு, அவர் எவ்வளவு இளையவரானாலும், இடுப்புச் சிரையே அடைத்திருந்தாலும், மேலே சொன்ன விவாதம் அத்தனையும் வீண்.

இந்தக் கரையில் கால் வீங்கியவர் தாமதமாக வருவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. யானைக்கால் நோய் தலைமுறைகளாகத் தெரிந்த பகுதி இது. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய கொசுவழி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அந்த நோயோடு பல்லாண்டு போராடியது, காரைக்காலில் மருந்து கலந்த உப்பையே மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. வீங்கிய காலைப் பார்த்தவுடன் யானைக்கால் என்றோ, சேற்றுப்புண்ணில் சீழ் பிடித்தது என்றோ, நீர் கோத்துக்கொண்டது என்றோ நினைப்பது இயல்பு. யானைக்கால் ஆண்டுக்கணக்கில் வளரும். ரத்தம் உறைந்த கால் ஓரிரு நாளில், பல நேரம் ஒரே இரவில் வீங்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு கால் மட்டும். இதை அளந்தறிய ஒரு தையல் டேப் போதும். முழங்காலுக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பு மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து, வேறுபாடு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால் அது சந்தேகத்துக்கு ஒரு புள்ளி. வெல்ஸ் என்ற மருத்துவர் வகுத்த மதிப்பீட்டில் உள்ள எளிய கூறு இது. கிராமச் செவிலியரும், வீடு தேடிவந்து ரத்த அழுத்த மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளரும் செய்யக்கூடியது.

அடுத்தது ஸ்கேன். காலின் இரண்டு இடங்களில், கவட்டியிலும் முழங்காலுக்குப் பின்னும், கருவியின் முனையை வைத்து அழுத்த வேண்டும். கட்டி இல்லாத சிரை அழுத்தியவுடன் தட்டையாகிவிடும். கட்டி இருந்தால் தட்டையாகாது. 2008-ல் இத்தாலியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு, தேவைப்பட்டால் டி-டைமர் ரத்தப் பரிசோதனையோடும் மறு ஸ்கேனோடும் சேர்த்து இந்த எளிய முறை, முழுக்காலையும் நிபுணர் ஸ்கேன் செய்வதற்கு ஈடாகவே பயன்படுகிறது என்று காட்டியது. கருவைப் பார்ப்பதற்கான கருவி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, அதோடு ரத்தக்குழாய் பார்க்கும் முனையும் பயிற்சியும் சேர்ந்தால் போதும். இங்கே வரும் தடை சட்டம் என்பார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவாக வேண்டும், பதிவான இடத்துக்கு வெளியே கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு உண்டு. அந்தச் சட்டம் பெண் குழந்தைகளின் உயிர் காப்பது, அதைத் தளர்த்தச் சொல்லவே கூடாது. பதிவுபெற்ற மருத்துவமனைக்குள், தகுதிபெற்ற மருத்துவர் காலைப் பார்ப்பதற்கு அந்தச் சட்டம் எதிரியில்லை. ஸ்கேன் உடனே கிடைக்காவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம். நான்கு மணி நேரத்துக்குள் விடை தெரியாதென்றால், ரத்தக்கசிவு அபாயம் இல்லாதவருக்கு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது பிரிட்டனின் வழிகாட்டல். அந்த முதல் ஊசியை மரக்காணத்திலேயே போட்டு, திண்டிவனம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் என்று அடுத்த இடத்துக்கு அனுப்பலாம்.

இது மேலைநாட்டு நோய், நம் மக்களுக்கு அபூர்வம், இதற்கு இத்தனை ஏற்பாடா என்ற கேள்வி மருத்துவர்களிடமிருந்தே வருவதுண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1996 முதல் 2005 வரையிலான தன் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. உள்நோயாளிகள் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 17 பேருக்கு ஆழ்சிரை உறைவு உறுதியாகியிருந்தது. அதில் பெரும்பாலோர் அறுவைக்கோ விபத்துக்கோ தொடர்பில்லாதவர்கள். நோய் குறைவு என்பதைவிட, தேடினால் கிடைக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். செலவைப் பற்றிய கேள்வி இதைவிட நேர்மையானது. கதீட்டர், கரைக்கும் மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு, ஸ்டென்ட் எல்லாம் சேர்ந்தால் உப்பளக் குடும்பம் ஒன்றின் பல ஆண்டு வருமானம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை இருக்கிறது. சேரும் மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அரசின் பக்கமிருந்து பார்த்தாலும், முப்பது வயதில் இடுப்புச் சிரை அடைத்து, நாற்பது வயதில் புண்ணோடு வீட்டில் உட்காரும் தொழிலாளிக்கு ஆகும் செலவு சின்னதில்லை. அது எந்த மருத்துவமனைக் கணக்கிலும் வராமல் அந்தக் குடும்பத்தின் கடனாக மட்டும் இருக்கிறது.

எனவே மரக்காணத்துக்கு ரத்தக்குழாய் அறுவை அரங்கு கேட்க வேண்டியதில்லை. அது சென்னையிலோ புதுச்சேரியிலோ இருக்கட்டும். கேட்க வேண்டியவை மூன்றே: உப்பு வாரும் காலம் தொடங்குமுன் மரக்காணம் அரசு மருத்துவமனையில் கால் சிரையைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், முதல் ஊசியும் கிரியேட்டினின் பரிசோதனையும் எந்நேரமும், பரிந்துரைச் சீட்டில் வீக்கம் தொடங்கிய தேதியும் செய்யும் வேலையும் கட்டாயமாக எழுதுவது. உப்பள முதலாளிகள் செய்ய வேண்டியது தண்ணீரும் நிழலும் கழிப்பறையும். இதைப் படிக்கிறவர் அந்தக் கரையைச் சேர்ந்தவரானாலும் வேறெங்கே இருந்தாலும், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், ஒத்தடம் கொடுத்து ஒரு வாரம் பார்க்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், "டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.